சிட்டி வீடெக்குக்கு ராம் ஏர்: எந்த இன்டேக் வாங்கலாம்?

கேள்வி, 9 மார்ச் 2023

"2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் வைத்திருக்கிறேன். ஊர் பொள்ளாச்சி. மாதம் ஒருமுறை செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டுவேன். மற்ற நாளெல்லாம் இதே வண்டியில்தான் ஆபீஸ். ராம் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் குழாய்) போடலாம் என்று இருக்கிறேன். கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று, மூன்று இன்ச் அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும், இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைப்பது. இரண்டாவது, அதே குழாய் நீளமாக பம்பருக்குள் இறங்குவது. மூன்றாவது, பானட்டை வெட்டி ஸ்கூப் (காற்று பிடிக்கும் திறப்பு) வைப்பது. எது போட்டாலும் 10 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். பட்ஜெட் 15,000. எதை எடுக்கட்டும் அண்ணா?"

9 மார்ச் 2023, இரவு

மூன்றையும் எடுக்காதே தம்பி. காசைக் கையிலேயே வை.

முதல் வகையை 'ஷார்ட் ராம்' என்று சொல்லித்தான் எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். அதில் ராம் எங்கே இருக்கிறது? வண்டி முன்னால் போகிற வேகத்தில் எதிர்காற்று தானாக வாய்க்குள் திணிய வேண்டும், அதற்குப் பெயர்தான் ராம் ஏர். நம் வண்டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) ரேடியேட்டர் பக்கம் பார்த்து இருக்கிறது. கூம்பு ஃபில்டரை அதற்கு ஒரு முழம் தள்ளி வைத்தால், ரேடியேட்டர் சூட்டையும் மேனிஃபோல்டு சூட்டையும் சேர்த்துத்தான் இன்ஜின் குடிக்கும்.

என்னிடம் இருப்பது 2002 வீடெக். 2011-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று இன்டேக் போட்டுக் கழற்றியிருக்கிறேன். அதில் ஒன்று இன்ஜினையே கொண்டுபோய்விட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், இப்போது கணக்கு மட்டும்.

எதிர்காற்று தரும் அழுத்தம் என்பது காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம். 35 டிகிரி வெயிலில் இங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.09 கிலோ அளவில் இருக்கும். 100 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டால் 4 சதவீதம் கூடுதல் அழுத்தம் வருகிறது. நம் 106 குதிரைக்கு நான்கு குதிரை. பத்து வராது.

10 மார்ச் 2023, காலை

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. மதுரை நண்பர் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்தினார், அவருக்கு நன்றி. ஒரு பூஜ்யம் கூடிவிட்டது.

100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அதன் வர்க்கம் 772. அதை 1.09-இல் பாதியால் பெருக்கினால் 420 பாஸ்கல். இங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 96,500 பாஸ்கல். 420 என்பது அதில் 0.44 சதவீதம். 106 குதிரையில் அரைக் குதிரைகூட இல்லை.

140-இல் போனால் 0.85 சதவீதம். 200-இல் 1.7 சதவீதம். கரி டிராக்கின் ஒரு சுற்றே 2.1 கி.மீ. அங்கே நம் வண்டி 140-ஐத் தொடுவதே சில நொடிதான்.

நான்கு சதவீதம் என்று படித்துவிட்டு யாராவது ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.

11 மார்ச் 2023

"அப்படியென்றால் பைக் கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 2021 கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர் சாதாரணமாக 203 பிஎஸ் (குதிரைத்திறன்), ராம் ஏரோடு 213 பிஎஸ் என்று கம்பெனியே சொல்கிறது. ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 300 கி.மீ. வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அழுத்தமே நாலு சதவீதம் அளவுக்கு வருகிறது. ஏறக்குறைய சரியாக உட்காருகிறது. வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. 300 போகிற வண்டிக்கு அது கிடைக்கும், 100 போகிற வண்டிக்குக் கிடைக்காது.

காரிலும் பழைய சமாச்சாரம்தான் இது. 1964-இல் ஃபோர்டு டிராக் ரேசுக்கென்று செய்த தண்டர்போல்ட் வண்டியில் நான்கு ஹெட்லைட்டில் உள்பக்கம் இருந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டையிலிருந்து கார்புரேட்டருக்குப் பெரிய குழாய் இரண்டு இழுத்திருந்தார்கள். அது ஏழு லிட்டர் இன்ஜின். கால் மைல் ஓடி முடித்தால் வேலை முடிந்தது. அவர்களுக்கு அதில் கிடைத்த பெரிய லாபம் பானட்டுக்குள்ளிருந்து சூடான காற்றை எடுக்காமல் வெளிக்காற்றை எடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பானட் ஸ்கூப் கேட்டவருக்கு: சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஸ்கூப்பில் போகிற காற்று இன்டர்கூலரை (டர்போவிலிருந்து வரும் காற்றின் சூட்டைக் குறைக்கும் பாகம்) குளிர்விக்கத்தான் போகிறது, இன்ஜின் அதைக் குடிப்பதில்லை. பழைய ஃபார்ச்சூனர் பானட்டில் இருப்பதும் அதேதான். பானட்டின் நடுப்பகுதியில் காற்று வேகமாக வழுக்கிக்கொண்டு ஓடும், அங்கே அழுத்தம் குறைவு. தட்டையான ஓட்டை வைத்தால் உள்ளே போவதற்குப் பதில் வெளியே இழுக்கும். நம்பவில்லை என்றால் பானட் முழுக்க நாலு விரற்கடை நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, பக்கத்து வண்டியிலிருந்து வீடியோ எடுத்துப் பார்க்கலாம். அழுத்தம் கூடுதலாக இருப்பது இரண்டே இடம்: பம்பரின் நேர் முகம், முன் கண்ணாடியின் அடிப்பக்கம்.

பானட்டை வெட்டினால் சட்டச் சிக்கலும் உண்டு. வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டது.

19 மார்ச் 2023

இன்ஜின் போன கதை.

2014-இல் இரண்டாவது வகையைப் போட்டிருந்தேன். நீளக் குழாய், ஃபில்டர் பம்பருக்குள்ளே ஃபாக் லைட்டுக்குப் பின்னால். கடைக்காரர் "தண்ணியெல்லாம் போகாதுங்க, லைனர் இருக்குதுல்ல" என்று சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். நான் பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெட் பார்ப்பவன். சக்ஷன் குழாயின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பதைத்தான் பம்ப் இழுக்கும் என்று தினமும் நான்கு பேருக்குச் சொல்கிறவன். என் வண்டிக்கு மட்டும் அதை யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை. ராத்திரி எட்டரை மணி இருக்கும். லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நின்றது. முன்னால் ஒரு ஆம்னி வேன் போய்க் கரையேறிவிட்டது. ஆம்னியே போகிறதே என்று நானும் இறக்கினேன். தண்ணீர் பம்பரின் பாதிக்குக்கூட வரவில்லை. முதல் கியர், லேசான ஆக்ஸிலேட்டர். நடுவில் ஒரு 'டக்'. பெரிய சத்தமெல்லாம் இல்லை, கதவைச் சாத்துவதுபோல. வண்டி அப்படியே நின்றுவிட்டது.

1493 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 373 சிசி. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 45 சிசி அளவுதான். டீக்கடை கிளாஸில் பாதி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் அது அமுங்காது, வேறு எதாவது வளைய வேண்டும். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. பட்டறையில் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். கண்ணுக்கு நேராகப் பிடித்தால்தான் வளைவு தெரிந்தது, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். 38,000 ரூபாய் செலவு, ஐந்து வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அந்த ராடு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

இரண்டாவது வகையை நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். ஏஇஎம் கம்பெனி நீளக் குழாய்க்கென்றே ஒரு பைபாஸ் வால்வ் விற்கிறது. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் அந்த வால்வ் மேலே திறந்து காற்றை எடுத்துக்கொள்ளும். பிரச்சினை இருப்பதால்தானே மருந்தே விற்கிறார்கள்.

2 ஏப்ரல் 2023

தம்பி விடவில்லை. "கூம்பு ஃபில்டர் போட்ட வண்டியெல்லாம் டைனோவில் மூன்று, நாலு குதிரை கூடக் காட்டுதேண்ணா" என்கிறார்.

காட்டும். டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் மேடை) பானட்டைத் திறந்து வைத்து, முன்னால் ஆளுயர மின்விசிறியைப் போட்டு ஓட்டுவார்கள். அப்போது கூம்பு ஃபில்டர் குடிப்பது அறைக் காற்று. ரோட்டில் பானட் மூடியிருக்கும்.

இன்று அளந்து பார்த்தேன். மல்டிமீட்டரோடு வரும் வெப்பநிலைக் கம்பியை ஃபில்டர் பக்கத்தில் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். வெளியே 36 டிகிரி. காந்திபுரம் சிக்னலில் பழைய கூம்பு ஃபில்டரோடு நின்றபோது 71 வரை ஏறியது. அவிநாசி ரோட்டில் 60-இல் ஓடும்போது 58-க்குக் கீழே இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கம்பெனியின் ஏர் ஃபில்டர் டப்பாவை மாட்டிக்கொண்டு அதே ரோடு. சிக்னலில் 47, ஓட்டத்தில் 40.

58-க்கும் 40-க்கும் அடர்த்தியில் 5.8 சதவீதம் வித்தியாசம். அரை சதவீத ராம் ஏருக்கு ஆசைப்பட்டு ஆறு சதவீதத்தை விடுகிறோம்.

கம்பெனி டப்பாவைக் கழற்றி எறிகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். அதன் மூக்கு ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்தை மூடும் தகட்டுக்குள்) போகிறது. அங்கே இருப்பது வெளிக்காற்று. ஹோண்டாவே நமக்குக் குளிர்காற்று இன்டேக்கைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறான்.

3 ஏப்ரல் 2023

நேற்றைய ஆறு சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். காற்று குளிர்ந்தாலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் வால்விலும் போகிற வழியில் சூடாகிவிடும், அதனால் அடர்த்தியின் லாபம் முழுதாகச் சிலிண்டருக்குள் வராது. டைனோ திருத்தக் கணக்கிலும் வெப்பநிலைக்கு வர்க்கமூலம்தான் எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மூன்று குதிரை. அதுவும் ராம் ஏரைவிட ஆறு மடங்கு.

குழாயை அலுமினியத்தில் போடாதே, சூடாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நானும் பல வருஷம் நம்பினேன், ஹீட் டேப் சுற்றியும் பார்த்தேன். முழு ஆக்ஸிலேட்டரில் நம் இன்ஜின் நொடிக்கு 80 லிட்டர் காற்று இழுக்கிறது. மூன்று இன்ச் குழாயில் அது நொடிக்கு 17, 18 மீட்டர் வேகம். இரண்டடிக் குழாயைக் கடக்க ஒரு நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்? குழாய் எதில் செய்தது என்பது இரண்டாம்பட்சம். வாய் எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

16 ஏப்ரல் 2023, ஞாயிறு

இந்த இழையிலேயே நான் எழுதியதில் உருப்படியானது இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் நான்கு மீட்டர் வாங்கினேன், 80 ரூபாய். ஒரு பலகையில் 'யு' மாதிரி வளைத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் ஒட்டினேன். தண்ணீரில் கேசரி பவுடர் கரைத்து ஊற்றினேன். ஒரு முனை திறந்திருக்கும். இன்னொரு முனை ஜன்னல் வழியாகப் போய் ஏர் ஃபில்டர் டப்பாவில் நான் போட்ட சின்ன ஓட்டைக்குள். இன்ஜின் இழுக்க இழுக்க ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்ஜின் மூச்சு விடப் படும் பாடு. பம்ப் டெஸ்டில் சக்ஷன் இழப்பை இப்படித்தான் பார்ப்போம். தண்ணீர் துள்ளாமல் இருக்கக் குழாய்க்குள் கொஞ்சம் பஞ்சு அடைக்க வேண்டும்.

கரி டிராக்கில் ஓட்டினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனில் வீடியோ எடுத்தான். இரண்டாவது கியர், முழு ஆக்ஸிலேட்டர், 6500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வீடியோவைப் பார்த்தோம்.

ஃபில்டரைத் தாண்டி அளந்தால்: 310 மி.மீ.
ஃபில்டருக்கு முன்னால் அளந்தால்: 240 மி.மீ.

மச்சான் இரண்டு தடவை கேட்டான், "மாத்திப் படிக்கிறியா" என்று. மாற்றிப் படிக்கவில்லை. ஃபில்டர் தின்பது வெறும் 70. ஃபெண்டருக்குள் போகிற மூக்கும், சத்தம் குறைக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் சேர்ந்து 240 தின்கின்றன. பன்னிரண்டு வருஷமாக நான் மாற்றிக்கொண்டிருந்தது ஃபில்டரை. மூன்றாயிரம், நாலாயிரம் கொடுத்து எண்ணெய் போட்ட பருத்தி ஃபில்டர் வாங்கினால் அந்த 70-இல் ஒரு 25 குறையலாம். கால் குதிரை.

மூக்கைக் கழற்றிவிட்டு டப்பாவின் வாயை அப்படியே திறந்துவிட்டு ஓட்டினேன். 310 இருந்தது 110 ஆனது. 200 மி.மீ. லாபம். வளிமண்டல அழுத்தத்தில் 2 சதவீதம், இரண்டு குதிரை. செலவு பத்து எம்எம் ஸ்பேனர்.

சத்தம் மட்டும் மாறிவிட்டது. 5000-க்கு மேல் வீடெக் (வால்வ் திறக்கும் விதத்தை மாற்றும் அமைப்பு) மாறும்போது முன்பு தூரத்தில் கேட்டது, இப்போது டாஷ்போர்டுக்குள்ளேயே உறுமுகிறது. மச்சான் "பத்து குதிரை கூடியிருச்சு" என்று கத்தினான். சத்தியமாக எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடையில் சொல்லும் 10 குதிரை எங்கேயிருந்து வருகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

7 மே 2023

வாயைத் திறந்துவிட்டால் பானட்டுக்குள் இருக்கும் சூட்டைக் குடிக்குமே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. அதற்குத்தான் பம்பரிலிருந்து ஒரு வழி போட்டேன்.

நம்பர் பிளேட்டுக்கு இடப்பக்கம் கீழ் கிரில்லில் வாய். 75 மி.மீ. பிவிசி குழாய் ஒரு சாண். அதன் பின்னால் 90-க்குப் போகும் ரெடியூசர், பிறகு 90-இலேயே மேலே ஏறி டப்பாவின் வாய். வாய் சின்னதாக, வயிறு பெரிதாக இருக்க வேண்டும். காற்று வேகம் குறைந்தால்தான் அந்த வேகம் அழுத்தமாக மாறும். அகலமான புனல் மாதிரி வைத்தால் இன்னும் நிறையக் காற்று திணியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இன்ஜின் கேட்பது நொடிக்கு 80 லிட்டர்தான். 100 கி.மீ. வேகத்தில் 29 சதுர செ.மீ. வாயிலேயே அவ்வளவும் வந்துவிடும், மிச்சம் வெளியே வழியும். 75 குழாயின் உள்வாய் 38 சதுர செ.மீ. தாராளம்.

வாய் ஓரத்தைச் சூடுபடுத்தி வெளிப்பக்கம் உருட்டிவிட்டேன். கூரான விளிம்பில் காற்று கிழிந்துகொண்டு உள்ளே போகும், உருண்ட விளிம்பில் வழுக்கிப் போகும். பம்ப் சக்ஷனில் மணி வாய் போன்ற பெல்மவுத் வைப்பது இதற்குத்தான். பிவிசியை ரேடியேட்டருக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள், இளகித் தொங்கும். முன்பக்கமாகவே ஏற்றினேன். நெளிநெளியான ஹோஸ் வேண்டாம், உள்ளே ஒவ்வொரு நெளிவும் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

மொத்தச் செலவு 940 ரூபாய்.

கரியில் அதே சோதனை: 100 கி.மீ.யில் 110 இருந்தது 68 ஆனது. மூன்றாவது கியரில் 138-இல் 31. கணக்குப்படி வர வேண்டிய ராம் அழுத்தம் (அந்த 420 பாஸ்கல்) 100-இல் 43 மி.மீ., கிடைத்தது 42. பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் போட்ட கணக்கு சிவப்புத் தண்ணீரில் வந்து நின்றால் வரும் சந்தோஷம் தனி. ஆனால் எந்த வேகத்திலும் ஒருமுறைகூட மட்டம் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் ஏறவில்லை. வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் என் இன்ஜின் ஒரு நொடிகூடச் சுவாசிக்கவில்லை.

60-லிருந்து 100, மூன்றாவது கியர், ஒவ்வொன்றும் ஆறு ஓட்டத்தின் சராசரி:
கம்பெனி நிலை 7.3 நொடி. கூம்பு ஃபில்டர், பானட் மூடி 7.4. மூக்கு கழற்றியது 7.1. பம்பர் வழி 7.0.

11 ஜூன் 2023

டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஐந்து வாரத்தில் அடியில் ஒரு ஸ்பூன் செம்மண், வேப்பிலை இரண்டு, ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இறக்கை. எதிர்காற்றை நேராக எடுத்தால் அதில் வருவதெல்லாம் சேர்ந்துதான் வரும். வாய்க்குள் நாலு விரற்கடை தள்ளிக் கொசுவலைக் கம்பி வைத்தேன், வாயிலேயே வைத்தால் அடைத்துக்கொள்கிறது. ஃபில்டரை இனி 10,000-க்கு அல்ல, 5,000-க்கே மாற்ற வேண்டும்.

20 ஆகஸ்ட் 2023

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவருக்கு: என் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். நம் ஹோண்டாவில் இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் சென்சார் இருக்கிறது, முன்னால் குழாயை என்ன செய்தாலும் அது சரிக்கட்டிக்கொள்ளும். உங்கள் 1.8 டர்போவில் காற்று போகும் குழாயிலேயே, போகிற காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும் இடத்தில் குழாயின் விட்டம் மாறினால் சென்சார் தப்பாகப் படிக்கும், பெட்ரோல் கலவை கெடும். சென்சார் வரைக்கும் உள்ள வழியை மட்டும் திருத்துங்கள், சென்சார் கூட்டைத் தொடாதீர்கள். எண்ணெய் ஃபில்டர் போட்டால் அளவாக எண்ணெய் விடுங்கள். டர்போ வண்டிக்கு ராம் ஏரால் வருவது இன்னும் அற்பம்.

5 நவம்பர் 2023

வெள்ளிக்கிழமையிலிருந்து மழை. நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மே மாதம் நான் செய்ததும் 2014-இல் கடைக்காரர் செய்ததும் ஒன்றுதானே என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

வாய் பம்பரில், ரோட்டிலிருந்து ஒன்றேகால் அடி. ஃபில்டர் மேலே டப்பாவில் இருக்கிறது, உண்மைதான். அடி வளைவில் 8 மி.மீ. வடிகால் ஓட்டை போட்டிருக்கிறேன், அதுவும் உண்மைதான். ஆனால் வாய் முழுதாகத் தண்ணீரில் மூழ்கினால் இன்ஜின் காற்றுக்கு வேறு வழி இல்லாமல் தண்ணீரையே மேலே இழுக்கும். இழுக்கிற அளவு டப்பாவுக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள உயரத்தைவிடக் கூடிவிட்டால் கதை முடிந்தது. சீல் போட்டு, கசிவில்லாமல், அழகாகச் செய்தேனே, அந்தக் கசிவில்லாததுதான் ஆபத்து.

காலையில் முதல் வேலையாகப் பிவிசி மேல்முனையை அறுத்தேன். குழாய் டப்பாவின் வாயைப் பார்த்து நிற்கும், தொடாது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. சுற்றிலும் ரப்பர் ஷீட்டில் ஒரு தடுப்பு, இன்ஜின் பக்கச் சூடு வராமல். கீழே வாய் மூழ்கினாலும் அந்த இடைவெளியில் மேல்காற்று வரும்.

மே மாதம் என் அளவைப் பார்த்துச் செய்தவர்கள் தயவுசெய்து இன்றே அறுத்துவிடுங்கள். மழை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

26 நவம்பர் 2023, ஞாயிறு

பொள்ளாச்சித் தம்பி கரிக்கு வந்திருந்தார். எட்டு மாதம் எழுத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம், இன்றுதான் நேரில் பார்க்கிறேன். அவர் வண்டி என்னுடையதைவிடச் சுத்தம்.

இடைவெளி விட்ட குழாயை முதலில் என் வண்டியில் அளந்தோம். 100-இல் 68 இருந்தது 88 ஆகிவிட்டது. ராம் அழுத்தத்தில் பாதி அந்த இரண்டு விரல் சந்தில் போய்விட்டது. கால் குதிரை. வெப்பநிலை அப்படியேதான் இருந்தது, வெளிக்காற்றைவிட 3 டிகிரி கூட.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ இதை ராம் ஏர்னு சொல்ல முடியாதுங்களேண்ணா" என்றார்.

சொல்ல முடியாதுதான். டிராக்குக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிவரும் வண்டியென்றால் சீல் போட்டுக்கொள்ளலாம், ஹெட்லைட்டைக் கழற்றி அங்கேகூட வாய் வைக்கலாம். நீ இதே வண்டியில்தான் திரும்பப் பொள்ளாச்சி போக வேண்டும், கிணத்துக்கடவு தாண்டும்போது மழை பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மேஜையிலிருந்து அந்த வளைந்த ராடையும் கையோடு கொண்டுவந்திருந்தேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் வண்டியின் மூக்கைக் கழற்றினோம். அவருடைய டப்பாவில் ஃபில்டரைத் தாண்டி 355 இருந்தது, என்னுடையதைவிட மோசம். மூக்குக்குள் கையை விட்டால் எலி கொண்டுவந்து அடைத்த தேங்காய் நார் ஒரு கைப்பிடி வந்தது. அதை எடுத்ததுமே 300. மூக்கையும் எடுத்து, புது கம்பெனி ஃபில்டர் போட்டதும் 105.

27 நவம்பர் 2023

கேட்டவர்களுக்கு: பலகை, குழாய், ஸ்கேல் எல்லாம் தம்பியிடம்தான் இருக்கிறது, இரவல் கொடுத்திருக்கிறேன். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். 15,000-இல் அவர் நான்கு டயரில் இரண்டை மாற்றிவிட்டார். மிச்சக் காசுக்கு பிரேக் பேடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.